ஒரு காயம், இரண்டு மருத்துவக் கருத்துகள்: பணியாளர் இழப்பீட்டுக் கோரிக்கையில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

வேலையிடத்தில் அடிபட்டவர்களுள் பலர், சிகிச்சை முடிந்து இழப்பீடு கோரும் கட்டத்தில், ஒரே காயத்துக்கு இரு வேறு சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கின்றனர். சிகிச்சை அளித்த மருத்துவர் 30 விழுக்காடு ஊனம் என்கிறார். காப்பீட்டு நிறுவனம் ஏற்பாடு செய்த மருத்துவர் 12 விழுக்காடு என்கிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், பெரும்பாலான நேர்வுகளில் உண்மை அதுவன்று. இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதியிருப்பார்கள். இழப்பீட்டுச் சட்டம் கேட்கும் மூன்றாவது கேள்விக்கு இருவருமே விடை எழுதாமல் விட்டிருக்கவும் கூடும்.

அந்த மூன்றாவது கேள்வி எது, அதற்கான விடையை மருத்துவ ஆவணத்தில் இடம்பெறச் செய்வது எப்படி என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

கருத்துகள் ஏன் மாறுபடுகின்றன?

முதற்காரணம், அளவுகோல். ஒரு மருத்துவர் அடிபட்ட கையை மட்டும் அளந்து, அந்தக் கையின் இயக்கத்தில் எவ்வளவு குறைந்துள்ளது என்று எழுதலாம். மற்றொருவர் அதே குறைபாட்டை முழு உடலுக்கும் உரிய விழுக்காடாகக் கணக்கிடலாம். ஓர் உறுப்பின் 30 விழுக்காடு என்பது முழு உடலின் 30 விழுக்காடு ஆகாது; முழு உடல் கணக்கில் அது குறைந்தே தோன்றும். சான்றில் "ஊனம் 30 விழுக்காடு" என்று மட்டும் இருந்து, எதனுடைய 30 விழுக்காடு என்று இல்லாவிட்டால், குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம், காலம். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதத்தில் இருக்கும் இறுக்கமும் வலியும், இயன்முறைப் பயிற்சிக்குப் பின் ஓராண்டில் குறைந்திருக்கலாம். மாறாக, மூட்டுத் தேய்மானம் தொடங்கி நிலை மோசமாகியும் இருக்கலாம். இரு சான்றுகளின் தேதிகளுக்கு இடையே பல மாத இடைவெளி இருந்தால், அவை முரண்பட்ட கருத்துகள் அல்ல. இரு வேறு காலங்களில் கண்ட நிலைகளே.

மூன்றாவது காரணம், ஆவணம். சிகிச்சை அளித்தவர் உங்களைப் பலமுறை பார்த்தவர். அறுவை சிகிச்சைக் குறிப்பும் எக்ஸ்-ரே படங்களும் அவரிடம் உள்ளன. மறு பரிசோதனை செய்பவர் உங்களை ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் மட்டும் பார்த்திருக்கலாம். நீங்கள் படங்களைக் கொண்டு செல்லவில்லை என்றால், அவர் கண்ணில் பட்டதை மட்டுமே எழுதுவார்.

நான்காவது காரணம், காரணத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு. முதுகுவலி, தோள்பட்டைத் தசைக் கிழிவு, செவித்திறன் குறைவு போன்றவற்றில், இது விபத்தால் வந்ததா, வயதால் வந்த தேய்மானமா என்பதில் மருத்துவர்கள் நேர்மையாகவே வேறுபடலாம்.

சட்டம் கேட்கும் கேள்வி

1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், நிரந்தரப் பகுதி ஊனத்தை இரு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயர் குறிப்பிடப்பட்ட காயங்கள். எடுத்துக்காட்டாக, கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு, சுட்டுவிரல் முழுவதையும் இழந்தால் 14 விழுக்காடு, ஒரு கையின் நான்கு விரல்களையும் இழந்தால் 50 விழுக்காடு என்று அட்டவணையே கூறிவிடுகிறது. ஓர் உறுப்பு துண்டிக்கப்படாமல் இருந்தும் அதன் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அதுவும் அந்த உறுப்பை இழந்ததற்குச் சமமாகவே கொள்ளப்படும்.

இரண்டாம் வகை, அட்டவணையில் இல்லாத காயங்கள். எலும்பு முறிவு, மூட்டு இறுக்கம், தண்டுவடக் காயம், நரம்புப் பாதிப்பு ஆகியவற்றுள் பெரும்பாலானவை இதில் அடங்கும். கருத்து மோதல்கள் மிகுதியாக எழுவதும் இங்கேதான். இவ்வகையில் சட்டம் கேட்பது உடல் ஊனத்தின் விழுக்காட்டை அன்று. அந்தக் காயத்தால் நிரந்தரமாக ஏற்பட்ட "ஈட்டும் திறன் இழப்பு" எவ்வளவு என்பதையே அது கேட்கிறது. அதைத் தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்றும், அப்போது அட்டவணையிலுள்ள விழுக்காடுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

உடல் ஊனம் வேறு, ஈட்டும் திறன் இழப்பு வேறு. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியுள்ளது. 1975-இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கில், தச்சர் ஒருவரின் இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்தது. அது பகுதி ஊனமே என்று வேலையளிப்பவர் தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. எனவே இழப்பு 100 விழுக்காடு என்று நீதிமன்றம் ஏற்றது. 2019-இல் லாரி ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், மருத்துவர் முழு உடலுக்கு 37 விழுக்காடு ஊனம் என மதிப்பிட்டிருந்தார். அவரால் இனி வண்டி ஓட்ட இயலாது என்பதால், ஈட்டும் திறன் இழப்பு 100 விழுக்காடாகக் கொள்ளப்பட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாலை விபத்து வழக்கு ஒன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியவாறு, இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தம் தொழிலையே இழக்கக்கூடும். அதே இழப்புக்குள்ளான அலுவலக எழுத்தர் தம் பணியில் தொடரக்கூடும். ஊனம் ஒன்று, இழப்பு இரண்டு. ஆகவே, மிகுதியான ஊன விழுக்காடு மிகுதியான இழப்பீட்டைத் தானாகவே பெற்றுத் தராது. குறைந்த விழுக்காடு உங்கள் கோரிக்கையைத் தானாகவே முடித்தும் விடாது.

பணத்தில் இதன் பொருள் என்ன?

ஓர் எடுத்துக்காட்டு. நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர் 2024-இல் சாரத்திலிருந்து விழுந்து வலத் தோளில் எலும்பு முறிவு அடைகிறார். அவர் இஎஸ்ஐ திட்டத்தில் இல்லை. மாத ஊதியம் 15,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்று கொள்வோம். 2020 ஜனவரி 3-ஆம் நாளைய அறிவிக்கையின்படி, கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 விழுக்காடு 9,000 ரூபாய். நாற்பது வயதுக்குரிய காரணி 184.17. இரண்டையும் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது நிரந்தர முழு ஊனத்துக்குரிய தொகை. பகுதி ஊனத்துக்கு இதில் உரிய விழுக்காடு வழங்கப்படும்.

காப்பீட்டுத் தரப்பின் 12 விழுக்காட்டை ஏற்றால் ஏறத்தாழ 1,98,900 ரூபாய். சிகிச்சை மருத்துவரின் 30 விழுக்காட்டை ஏற்றால் 4,97,259 ரூபாய். இனி அவர் கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க இயலாது என்றும், அதனால் கூரைப் பூச்சு, சுவர்ப் பூச்சு, சாரத்தில் ஏறும் வேலை ஆகியவற்றை இழந்துவிட்டார் என்றும் மருத்துவச் சாட்சியத்தின் வழியே நிறுவப்பட்டு, ஈட்டும் திறன் இழப்பு 60 விழுக்காடு என்று ஆணையர் முடிவு செய்தால் 9,94,518 ரூபாய்.

முதல் இரு எண்களும் ஒரே தோளை இரு அளவுகோல்களால் அளந்ததன் விளைவாக இருக்கலாம். மூன்றாவது எண்ணில்தான் அந்த மனிதரின் தொழில் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே, "எந்த மருத்துவர் சரி?" என்பதைவிட, "எந்த மருத்துவராவது என் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறாரா?" என்பதே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வேலையளிப்பவர் அனுப்பும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டுமா?

செல்ல வேண்டும். விபத்து குறித்த அறிவிப்பு கிடைத்த மூன்று நாள்களுக்குள் வேலையளிப்பவர் தம் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால், பணியாளர் அதற்கு உட்பட வேண்டும் என்பது சட்டத்தின் 11-ஆம் பிரிவு. தக்க காரணமின்றி மறுத்தால், மறுக்கும் காலம்வரை உங்கள் இழப்பீட்டு உரிமை நிறுத்தி வைக்கப்படும். சினத்தால் மறுத்துவிட்டு உரிமையை நிறுத்திக்கொள்வதைவிட, ஆயத்தமாகச் செல்வதே நன்று.

டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்-ரே மற்றும் ஸ்கேன் படங்கள், இயன்முறை மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு செல்லுங்கள். மூல ஆவணங்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்களால் எது இயலும், எது இயலாது என்பதை உள்ளபடியே கூறுங்கள். வலியை மிகைப்படுத்தினாலும் மறைத்தாலும், அது பின்னர் உங்களுக்கு எதிராகவே நிற்கும். பரிசோதனை எவ்வளவு நேரம் நடந்தது, எந்தெந்த அசைவுகள் அளக்கப்பட்டன, வேலையைப் பற்றிக் கேட்கப்பட்டதா என்பவற்றை வீடு திரும்பியதும் தேதியுடன் எழுதி வையுங்கள். ஒரு பெண் பணியாளரை, அவருடைய இசைவின்றி, மற்றொரு பெண் உடனில்லாத நிலையில் ஆண் மருத்துவர் பரிசோதிக்கக் கூடாது.

சிகிச்சையை இடையில் நிறுத்துவதும் உங்கள் கோரிக்கையைப் பாதிக்கும். மருத்துவர் சொன்னதைப் பின்பற்றாததால் காயம் மோசமானது என நிறுவப்பட்டால், ஒழுங்காகச் சிகிச்சை பெற்றிருந்தால் எந்நிலையில் இருந்திருக்குமோ அந்நிலைக்குரிய இழப்பீடு மட்டுமே கிடைக்கும். பயணச் செலவோ வீட்டுச் சூழலோ தடையாக இருந்தால், அதை மருத்துவரிடம் கூறிப் புறநோயாளிச் சீட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

"இது முன்பே இருந்த நோய்" என்று எழுதப்பட்டால்

ஸ்கேன் அறிக்கையில் "தேய்மான மாற்றங்கள்" என்ற சொற்கள் இருப்பதால் மட்டும் கோரிக்கை தோற்றுவிடாது. நடுத்தர வயதைக் கடந்தவர்களின் முதுகெலும்பில் அத்தகைய மாற்றங்கள் எந்தத் தொல்லையும் இல்லாமலே காணப்படுவதுண்டு. முன்பே இருந்த குறைபாட்டை வேலையோ விபத்தோ தூண்டியதா, விரைவுபடுத்தியதா என்பதையும் நீதிமன்றங்கள் ஆராய்கின்றன. இங்கே உதவுவது காலவரிசை. விபத்துக்கு முந்தைய நாள்வரை முழு வேலை செய்தீர்கள் என்பதற்கு வருகைப் பதிவோ ஊதியச் சீட்டோ சான்றாகும். விபத்தன்றே மருத்துவமனைக்குச் சென்றீர்கள் என்பதற்கு விபத்துப் பதிவேட்டின் நகல் சான்றாகும். முதல் மருத்துவமனையில் "கீழே விழுந்தார்" என்று மட்டும் இல்லாமல், "வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்தார்" என்று பதிவாகியிருந்தால், பின்னாளில் எழும் பெரிய வாதம் ஒன்று எழாமலே போகும். பராமரிப்பவர்கள் முதல் நாளிலேயே கவனிக்க வேண்டிய செய்தி இது.

கருத்து மோதலை யார் தீர்க்கிறார்கள்?

இறுதி முடிவு மருத்துவருடையது அன்று. பணியாளர் இழப்பீட்டு ஆணையருடையது. தமிழ்நாட்டில் இப்பொறுப்பைத் தொழிலாளர் துறையின் உயர் அலுவலர்கள் வகிக்கின்றனர். சான்றிதழ் தாளாக மட்டும் இருந்தால் போதாது. அதை எழுதிய மருத்துவர் சாட்சியம் அளித்து, எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கும் விடையளிக்கும்போதே அது வலுப்பெறும். சிகிச்சையே அளிக்காதவர்கள் ஆயத்தமாக வழங்கும் ஊனச் சான்றுகளைக் குறித்து, மேற்சொன்ன 2010 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எச்சரித்துள்ளது. இரு கருத்துகளும் சம எடையுடன் நின்றால், துறை அறிவு உடைய ஒருவரைத் தமக்கு உதவியாக ஆணையர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மருத்துவக் குழுவின் பரிசோதனையை வேண்டி நீங்களும் மனு அளிக்கலாம்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஆணையரின் முடிவுக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டுமானால், முக்கியமான சட்டப் பிரச்சினை இருக்க வேண்டும். மருத்துவச் சான்றுகளை முதலிலிருந்து எடைபோடும் இடம் அதுவன்று. எனவே, உங்கள் மருத்துவச் சான்று முழுமையாக அமைய வேண்டிய இடம் ஆணையரின் விசாரணையே. "அங்கே விட்டதை மேலே பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ண வேண்டா.

மோதல் தீரும்வரை எதுவுமே கிடைக்காதா? அப்படியன்று. கோரிய அளவுக்குப் பொறுப்பை ஏற்காத வேலையளிப்பவரும், தாம் ஏற்கும் அளவுக்கான தொகையை உடனே செலுத்தவோ ஆணையரிடம் வைப்பீடு செய்யவோ கடமைப்பட்டவர். அதைப் பெறுவதால் மீதத்தைக் கோரும் உங்கள் உரிமை அழியாது. தொகை உரியதாகி ஒரு மாதத்துக்குள் செலுத்தப்படாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையெனில் 50 விழுக்காடுவரை தண்டத் தொகையும் விதிக்கப்படலாம். சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவு தனியே ஈடுசெய்யப்பட வேண்டும்.

குறைந்த விழுக்காட்டைக் காட்டி, "இதைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுங்கள்" என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். உரிமையைக் கைவிடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. தொகை குறித்த உடன்பாடு ஆணையரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். தொகை போதாது எனக் கண்டால் பதிவை அவர் மறுக்கலாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டா.

நீங்கள் இஎஸ்ஐ காப்பீட்டாளராக இருந்தால்

உங்கள் நிறுவனம் இஎஸ்ஐ திட்டத்தில் இருந்து, உங்கள் ஊதியமும் மாதம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருந்தால், வழி வேறு. அதே காயத்துக்குப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி தனியே கோர இயலாது. வேலை செய்ய இயலாத காலத்துக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு தற்காலிக ஊனப் பயனாகக் கிடைக்கும். நிரந்தர ஊனத்தை மருத்துவக் குழு மதிப்பிடும். அதில் உடன்பாடு இல்லையெனில், மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ நேரடியாகப் பணியாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ செல்லலாம். குழுவின் முன் செல்லும்போதும் கேள்வி அதுவே: ஈட்டும் திறனில் எவ்வளவு போயிற்று? எனவே, உங்கள் வேலையின் தன்மையை எழுத்தில் கொண்டு செல்லுங்கள்.

புதிய சட்டத் தொகுப்பால் மாறுவது என்ன?

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, கடந்த 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் இதனுள் இணைக்கப்பட்டுள்ளன. ஆணையர் என்ற பெயருக்குப் பதிலாகத் தகுதியுறு அதிகாரி என்ற பெயர் வருகிறது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் செல்லும் வழியில் நேரும் விபத்தும், வேலையுடன் அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலை விபத்தாகக் கொள்ளப்படும் என்பது தெளிவாக எழுதப்பட்டுள்ளது.

மருத்துவ மதிப்பீட்டைப் பொறுத்தவரை அடிப்படை மாறவில்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, மருத்துவர் மதிப்பிடும் ஈட்டும் திறன் இழப்பே புதிய சட்டத்திலும் அளவுகோல். உங்கள் விபத்து அந்நாளுக்கு முன் நேர்ந்திருந்தால், எந்தச் சட்டத்தின்படி கோருவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இழப்பீட்டு உரிமை பொதுவாக விபத்து நேர்ந்த நாளைக்கொண்டே பார்க்கப்படுகிறது. பழைய சட்டத்தில் கோரிக்கைக்கான காலம் விபத்திலிருந்து 2 ஆண்டுகள். சான்றுகள் ஒத்துவரட்டும் என்று காத்திருந்து அக்காலத்தைக் கடத்திவிடாதீர்கள். கோரிக்கையை முதலில் தாக்கல் செய்து, கருத்து வேறுபாட்டை விசாரணையில் தீர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

விழுக்காட்டைக் கூட்டித் தருமாறு மருத்துவரிடம் கேட்காதீர்கள். கூட்டி எழுதப்பட்ட எண் குறுக்கு விசாரணையில் உடையும்; அதனுடன் உண்மையான இழப்பும் ஐயத்துக்குள்ளாகும். மாறாக, சான்றில் பின்வரும் ஐந்தும் தெளிவாக இடம்பெறுமாறு வேண்டுங்கள்.

1. குறிப்பிடப்படும் விழுக்காடு எந்த உறுப்புக்கு உரியது, அல்லது முழு உடலுக்கு உரியதா?
2. நிலை நிரந்தரமானதா? மேலும் சிகிச்சையால் முன்னேற வாய்ப்பு உண்டா?
3. மூட்டின் அசைவு, பிடிவலிமை, கால் நீளக் குறைவு போன்றவற்றில் எவை அளக்கப்பட்டன? அளவு என்ன?
4. விபத்துக்கும் இந்நிலைக்கும் உள்ள தொடர்பு குறித்த கருத்து என்ன?
5. விபத்துக்கு முன் செய்த வேலையின் எந்தெந்தப் பகுதிகளை இனிச் செய்ய இயலாது? அதனால் ஈட்டும் திறனில் ஏற்பட்ட இழப்பு எவ்வளவு?

ஐந்தாவதற்கு விடை எழுத, மருத்துவருக்கு உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும். நெரிசல் மிக்க புறநோயாளிப் பிரிவில் அவர் அதைக் கேட்டறிய நேரம் இராது. ஆகவே ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: எத்தனை கிலோ தூக்குவீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள், ஏணி ஏறுவீர்களா, எந்தக் கருவியைப் பிடிப்பீர்கள், கையை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும், எதுவரை படித்திருக்கிறீர்கள், வேறு தொழில் தெரியுமா.

பராமரிப்பவர்கள் செய்யக்கூடியது

அடிபட்டவர் தம் இயலாமையைச் சொல்லக் கூசலாம். சட்டைப் பொத்தான் போட உதவி தேவைப்படுகிறது, இரவில் வலியால் எழுகிறார், வேலைக்குத் திரும்ப முயன்று இரண்டே நாளில் வந்துவிட்டார் போன்றவற்றைத் தேதியுடன் குறித்து வையுங்கள். சான்றுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்குங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முடிந்தவரை உடன் செல்லுங்கள்.

வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. தொழிற்சங்க அலுவலரும் உங்கள் சார்பில் ஆணையர்முன் வாதிடலாம்.

அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, மாத்திரைச் சீட்டுடன் உங்கள் வேலையை விவரிக்கும் அந்த ஒரு பக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரு மருத்துவர்களுக்கும் ஒரே பக்கத்தைக் கொடுங்கள். அதன் பின்னும் அவர்கள் வேறுபட்டால், எதில் வேறுபடுகிறார்கள் என்பதாவது ஆணையருக்கு விளங்கும்.